மிளகுக் கொடியோடு கட்டிய கேபிள்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். கல்லூரி நூலகத்தின் மாடியறையில், கணினித் திரையில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய கடிதம் பாதியில் நின்றுபோனது. மேற்பாதி தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். பக்கத்தை மூடி மீண்டும் திறந்தேன். மீண்டும் மேற்பாதி மட்டுமே வந்தது.

எனக்கு வேண்டியது கீழ்ப்பாதி.

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு எனக்கு இணையம் வழியே வாய்மொழித் தேர்வு. கடல்கடந்த ஒரு பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையும் எங்கள் கல்லூரியும் சேர்ந்து நடத்திய வகுப்பில் ஓராண்டு படித்திருந்தேன். பல ஊர்களிலிருந்து படித்தவர்களில் ஒருவருக்கு மட்டும் அங்கேயே போய் ஆய்வைத் தொடர இடம் உண்டு. நாள் மாற்றிக் கேட்க முடியாது. மற்றவர்கள் தேர்வை முடித்துவிட்டார்கள், நான்தான் கடைசி.

என் கட்டுரை அந்த ஒரு கடிதத்தைப் பற்றியது. சேர்வராயன் மலையின் மிஷன் பள்ளி ஒன்றிலிருந்து தமிழில் எழுதப்பட்டு, எப்போதோ கப்பலேறி, அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் போய்ச் சேர்ந்த கடிதம். எழுதியவர் ஒருவர் என்றே நூலகம் குறித்திருக்கிறது. இருவர் என்பது என் வாதம். பாதிக்குக் கீழே எழுதிய கை மாறுகிறது. படத்தைப் பல மடங்கு பெரிதாக்கினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். தேர்வாளர்கள் முதலில் அதைத்தான் என் திரையிலேயே பெரிதாக்கிக் காட்டச் சொல்வார்கள் என்று எங்கள் பேராசிரியை எச்சரித்திருந்தார்.

அந்தப் படத்தைச் சேமித்து வைத்துக்கொள்ள நூலகம் அனுமதிப்பதில்லை. பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிலையங்களையும் நாடுகள் தாண்டி இணைக்கும் கல்வி வலையமைப்புக்குள் இருக்கும் கணினிகளுக்கு மட்டுமே அது திறக்கும். கைபேசியில் கேட்டால் வாசலிலேயே நிறுத்திவிடும். எங்கள் கல்லூரி அந்த வலையமைப்பில் சேர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்கு முன், இந்த மலையில் எழுதப்பட்ட கடிதத்தை இந்த மலைக்காரி ஒருத்தி படிக்க வேண்டுமென்றால் விமானம் ஏற வேண்டும்.

கல்லூரிக் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாளர் சேலத்துக்காரர். மாணவிகள் அவரைச் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"எல்லா லைட்டும் பச்சையாத்தானம்மா எரியுது. கேபிள் அறுந்திருந்தா செவப்பு வந்திருக்கும். உசுரோடதான் இருக்குது."

"பாதிப் பக்கம்தான் சார் வருது."

"அப்ப பாதி உசுரு."

நான் சிரிக்கவில்லை. அவரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

கேபிளுக்குள் ஒளியை அனுப்பி, அது எந்தத் தொலைவில் மங்குகிறது என்று காட்டும் கருவி டவுனிலிருந்து ஜீப்பில் வந்துசேர்வதற்குள் உச்சிப்பொழுது சாய்ந்துவிட்டது. அவர் அதைப் பொருத்திப் பார்த்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒடையலை. மடிஞ்சிருக்குது. அதுவும் ஒரு எடத்துல இல்ல, வரிசையா பல எடத்துல. எஸ்டேட்டுக்குள்ளதான்."

டவுனுக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு காப்பி எஸ்டேட் இருக்கிறது. அங்கே தூண் நட இடம் கிடைக்காததால், காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களிலேயே கேபிளைத் தளர்வாகத் தொங்கவிட்டு இழுத்திருந்தார்கள். அந்த எஸ்டேட்டில்தான் என் அம்மா வேலை செய்கிறாள். ஆகவே வழி காட்ட நான் போனேன்.

பனி இறங்கியிருந்தது. மழைக்காலம் தொடங்கும்போது செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது: புதிதாகப் படரும் மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டுவது. பெண்கள் இடுப்பில் பழைய சேலைக் கிழிசல்களைச் செருகியபடி மரத்துக்கு மரம் ஏணியை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அம்மா ஓர் ஏணியின் மேல் இருந்தாள்.

"காலேஜ் புள்ள வந்துருச்சு பாருங்கடி," என்றாள் கீழே ஏணியைப் பிடித்திருந்த அக்கா. "ஏனுங்க சாரு, நீங்களும் கொடி கட்ட வந்தீங்களா? அங்க ஒரு ஏணி சும்மாத்தான் கெடக்குது."

சார் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். கொடியின் ஒவ்வொரு கணுவுக்குக் கீழும் ஒரு சேலைக் கட்டு. அந்தக் கட்டுகளுக்குள், கொடியோடு கொடியாக, எங்கள் கறுப்புக் கேபிள். தொய்வை இழுத்து, மரத்தைச் சுற்றி மடக்கி, துளியும் அசையாதபடி கட்டியிருந்தார்கள். அடுத்த மரத்திலும் அப்படியே. அதற்கடுத்த மரத்திலும்.

"இதை யாருங்க கட்டுனது?" என்றார் சார்.

"நாங்கதானுங்க," என்றாள் அக்கா. "நொம்பத் தொங்கிட்டுக் கெடந்துச்சு. கூடையைத் தூக்கிட்டுப் போனா கழுத்துல மாட்டுது. அப்படியே உட்டுட்டுப் போக முடியுங்களா? கொடியோட சேத்து இறுக்கிப் போட்டோம். இனிப் புயலே அடிச்சாலும் அசையாதுங்க."

"அதுதானுங்கக்கா இப்ப பிரச்சினை."

அம்மா ஏணியிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தாள். "உங்க காலேஜ் வயருன்னு தெரிஞ்சுதான் கண்ணு, நான் இன்னும் ரெண்டு சுத்து சேத்துப் போட்டேன்."

எஸ்டேட்டில் தளர்வாகக் கட்டுகிறவள்தான் திட்டு வாங்குவாள். கொடி சரிந்தால் அந்த ஆண்டுக் காய்ப்பு போயிற்று. கேபிளுக்குள் இருப்பதோ மயிரிழைக் கண்ணாடி. எவ்வளவு தூரமானாலும் ஒளி அதற்குள் ஓடும். இறுக்கி வளைத்தால் மட்டும் வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். நல்ல கட்டு என்று அவர்கள் அறிந்திருந்ததெல்லாம் இங்கே தலைகீழாகப் போயிருந்தது. இதை அம்மாவுக்கு நான்கு சொற்களில் சொன்னேன். அவள் உடனே இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தாள்.

"யாரு அது, கட்டை அவுக்கறது?"

மேட்டிலிருந்து ரைட்டர் இறங்கி வந்தார். எஸ்டேட்டில் ஆள்களின் வருகையைப் பதிந்து வேலை வாங்குகிறவர் அவர். சார் விளக்கினார். ரைட்டர் முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மேனேஜர் சேலம் போயிருக்கறாருங்க. போனும் போகலை. அவரைக் கேக்காம ஒரு கட்டையும் தொட உடமாட்டேன். போன மழைக்குக் கொடி சரிஞ்சதுக்கு நான் வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்."

"கேபிள் எங்களுதுங்க," என்றார் சார்.

"மரம் எங்குளுதுங்க."

இரண்டு மணி தாண்டியிருந்தது. அம்மா கத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அவள் மகளுக்காகப் பேசினால், நாளையும் மறுநாளும் அதே ரைட்டர்தான் அவள் பெயரைக் கூப்பிடுவார். நான் கெஞ்சினாலும் அந்தக் கடன் அவள் தலையில்தான் ஏறும். எனக்குக் கெஞ்சத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த இடத்தில் வந்திருக்காது. ஆனால் பேசாமல் இருந்தால் மூன்றரை மணிக்குச் சாம்பல் நிறத்தைத்தான் காட்ட முடியும். ரைட்டருடைய பயம் எது என்று யோசித்தேன்.

"ஒரு மரத்துல அவுத்து, கேபிளை மட்டும் தனியா எடுத்துட்டு, கொடியைத் திருப்பிக் கட்டுன பிறகுதான் அடுத்த மரத்துக்குப் போவாங்க," என்றேன். "எந்த நேரத்துலயும் ஒரு கொடிக்கு மேல அவுந்து கெடக்காதுங்க."

"ஈரத்துல கட்டுனா நிக்குமா பாப்பா? ராத்திரி விழுந்துச்சுன்னா?"

"விழுந்தா நாங்க வந்து கட்டறோமுங்க," என்றாள் அம்மா. "காலையில பேர் கூப்புடறதுக்கு முன்னால. எங்க நேரத்துல."

மற்ற பெண்களை அவள் கேட்கவில்லை. அவர்களும் மறுக்கவில்லை. ரைட்டர் வானத்தைப் பார்த்தார்.

"கொடி ஒண்ணு கீழ கெடந்தாலும் உங்க கேங்கைத்தான் கேப்பேன். சீக்கிரம் முடிங்க."

அவர் முதுகு திரும்பியதும் ஏணிக்கார அக்கா சொன்னாள்: "ரைட்டருக்கு மனசு எளகிருச்சு. இன்னிக்கு மழை நிச்சயம்டி."

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நீ போ கண்ணு. நீ பாத்துட்டு நின்னா எனக்குக் கை ஓடாது."

நான் நூலக மாடியறைக்குத் திரும்பினேன். மூன்றரை மணிக்கு மழையும் தேர்வும் ஒன்றாகத் தொடங்கின. திரையில் மூன்று முகங்கள்; அடிக்கடி உறைந்து, பிறகு குதித்து அசைந்தன. குரல் மட்டும் பெரும்பாலும் ஒழுங்காக வந்தது. நடுவில் இருந்த அம்மையார் அந்நாட்டவர். ஒவ்வொரு சொல்லையும் முழுமையாக உச்சரித்துத் தமிழ் பேசினார்.

"கை மாறும் இடத்தைக் காட்டுங்கள்."

கடிதத்தைத் திறந்தேன். பாதிக்குச் சற்றுக் கீழே வரை வந்து நின்றது. காலையில் இருந்ததைவிட இரண்டு வரி கூடுதல்.

"கீழ்ப்பாதி இன்னும் வந்துசேரவில்லை," என்றேன்.

"கடிதம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்குமே. சொல்லலாம்."

"மனப்பாடம்தான். ஆனால் நான் காட்ட வேண்டியது என்ன எழுதியிருக்கிறது என்பதை அல்ல, எப்படி எழுதியிருக்கிறது என்பதை."

அம்மையாரின் முகம் உறைந்திருந்ததா, அவரே அசையாமல் இருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கூரையில் மழை அறைந்தது. ஈரமான ஏணியில் அம்மா நிற்பதை நினைக்கக் கூடாது என்று முடிவுசெய்து, மேற்பாதியைப் பெரிதாக்கி அதன் கையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். இந்தக் கை எழுத்தின் ஒவ்வொரு கோட்டையும் மெல்லத் தொட்டுத் தொடங்கி, போகப்போக அழுத்துகிறது என்று ஒவ்வோர் இடமாகக் காட்டினேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் திரையின் கீழ்விளிம்பு சாம்பலாகவே இருந்தது.

ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அது தெளிவாகவே தெரிந்தது.

பிறகு ஒரு வரி இறங்கியது. எஸ்டேட்டில் ஒரு மரத்தின் கட்டு அவிழ்ந்திருக்க வேண்டும். அந்த வரியைப் பெரிதாக்கினேன். "இங்கே தொடக்கத்திலேயே அழுத்தம். முடியும்போது மை தேய்ந்து போகிறது." இன்னொரு வரி வந்தது. "இங்கேயும்." மறுபடி ஒன்றும் வரவில்லை. நான் நிரப்பிப் பேசவில்லை, காத்திருந்தேன். அவர்களும் காத்திருந்தார்கள். முகங்கள் உறையாமல் அசையத் தொடங்கியதை முதலில் கவனித்தேன். அடுத்த கணம் பக்கம் முழுவதும் அடி வரை வந்து நின்றது.

அம்மையார் திரைக்கு அருகே குனிந்தார். மேலும் கீழுமாக நெடுநேரம் பார்த்தார்.

"இருவர்," என்றார்.

அதற்குப் பிறகும் கேள்விகள் இருந்தன. சிலவற்றுக்குத் தெரியாது என்றுதான் பதில் சொன்னேன். கடைசியில் தங்களுக்குள் பேசிக்கொண்டுவிட்டு, இடம் எனக்கு என்று சொன்னார்கள்.

மாலையில் அம்மா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "எத்தன வருசம் கண்ணு?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு என்றேன். துணியை உதறிக் கொடியில் போட்டாள். "அங்கயாவது அந்த வயருக்குத் தூணு நட்டிருப்பாங்களா?" கேட்டுவிட்டு, அவளே சிரித்துக்கொண்டாள். இரவெல்லாம் காற்று அடித்தது.

மறுநாள் காலை, பேர் கூப்பிடுவதற்கு முன், அம்மாவோடு நானும் எஸ்டேட்டுக்குப் போனேன். கடைசியாக மழையில் கட்டிய மரங்களில் கொடிகள் சரிந்து கிடந்தன. அக்கா ஏணியைப் பிடித்துக்கொள்ள, சேலைக் கிழிசலோடு நான் ஏறினேன். முதல் கட்டைப் போட்டபோது ரைட்டர் வந்து கீழே நின்றார்.

"அது லூசா இருக்குது பாப்பா," என்றார்.

அவிழ்த்து, மறுபடி கட்டினேன்.