கடைவாய்ப் பல்லில் ஒளிந்திருந்த நாலாவது வழி

எங்களுக்குக் கெடார் கிராமத்தில் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைதான். செடியைப் பிடுங்கிய பிறகும் மண்ணுக்குள் காய் தங்கிவிடும். குச்சியால் கிளறித் தேடுவோம்.

மேல் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் செய்து மூடியும் எனக்கு வலி விடவில்லை. “பேஜாரு புடிச்ச பல்லு, புடுங்கிட்டு வா” என்றார் வீட்டுக்காரர். அதற்காகவே திண்டிவனம் போனேன்.

அங்கே பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயைச் சாய்த்து எடுத்துப் பார்த்தார். “அவசரப்படாதீங்கம்மா. இந்தப் பல்லுக்கு மூணு வேரு. அதுல ஒரு வேருக்குள்ள நரம்பு போற வழி ரெண்டு ஓடும், ஆக மொத்தம் நாலு. ரெண்டாவது ஒளிஞ்சிக்கினு இருக்கும் போல.”

ஊசி போட்டதும் தாடை யாருடையதோ ஆனது. தலைக்கு மேல் விளக்கு வெயிலானது. அறுவடை முடிந்த கொல்லையாக நான் மல்லாந்து கிடந்தேன். யாரோ எனக்குள் மெல்லக் கிளறி, தங்கிய காயைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“கிடைச்சிடுச்சும்மா!”

அந்த வழியையும் சுத்தம் செய்து அடைத்தார். இரண்டொரு நாளில் வலி போனது, பல் இருக்கிறது.

போன வாரம் வீட்டுக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். “புடுங்கிடலாமா?”

முன்பென்றால் சரி என்றிருப்பேன். “கொல்லையை இன்னும் கிளறியே பாக்கல, கிளம்புங்க” என்றேன்.