சிங்காரம் வீட்டு மீசை வண்டு

போன வெள்ளிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு சிங்காரம் மதில் மேலாக என்னைக் கூப்பிட்டார். ரயில்வே குமாஸ்தா. முகத்தில் ஈயாடவில்லை.

“சார், சந்தன மரம் பட்டுப்போச்சு. என் வேலையும் போச்சு.”

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மைசூரில் சந்தன மரம் யார் வீட்டில் முளைத்தாலும் மகாராஜா சர்க்காரின் சொத்து. நாம் நடவேண்டியதில்லை, குருவி எச்சத்தில் விழுந்து தானே முளைக்கும். பக்கத்துக் கறிவேப்பிலையின் வேரை உறிஞ்சி வளரும். காவல் மட்டும் நம்முடையது. செத்துப்போனால்... கொன்றது யார் என்று கேட்பார்கள். சிங்காரத்துக்கோ அடுத்த மாதம்தான் உத்தியோகம் நிரந்தரமாகப் போகிறது.

மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பட்டையில் ஓட்டைகள். அடியில் மாவு போல மரத்தூள். ஓர் ஓட்டையிலிருந்து குற்றவாளியே வெளியே வந்தது — சுண்டுவிரல் நகத்தளவு பழுப்பு வண்டு, உடம்பைவிட நீளமாக இரண்டு மீசை. புழுவாக மரத்துக்குள் இருந்து வருஷக்கணக்கில் தின்னுமாம். வண்டாகி வெளியே வந்தால் சில வாரம்தான் ஆயுசு. பென்ஷன் வாங்கியதும் கண்ணை மூடிய உத்தியோகஸ்தர்கள் எனக்குச் சிலரைத் தெரியும்.

“சாட்சி சார்! விடாதீங்க!”

சிங்காரம் உள்ளே ஓடி, மனைவியின் குங்குமப் பெட்டியைக் காலி செய்து எடுத்துவந்தார். வண்டை அதில் அடைத்தோம். காட்டிலாகாவுக்கும் தகவல் கொடுத்தோம்.

மறுநாள் அங்கிருந்து வாட்சர் ஒருவர் வந்தார். கொள்ளேகாலம் பக்கத்துக்காரர். சிங்காரம் பெட்டியை நீட்ட, வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“ஏனுங்க, இது சந்தனக் கட்டைங்களே. எங்கிருந்துங்க வந்துச்சு?”

கணக்கில்லாத சந்தனக் கட்டை வீட்டில் இருந்தாலும் குற்றம்தான். மரத்தை விட்டுவிட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார் மனுஷர்! சிங்காரம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் மனைவிதான் வெளியே வந்தார்.

“கவுத்துப் பாருங்க. அடியில சர்க்கார் முத்திரை இருக்கு. கல்யாணத்துக்கு எங்கப்பா சர்க்கார் சந்தன டிப்போவுல வாங்கிக் கொடுத்தது.”

வாட்சர் கவிழ்த்தார், மூடி திறந்துகொண்டது. முத்திரை இருந்தது. சாட்சி கீழே விழுந்து, மீசையைச் சரிசெய்துகொண்டு, பறந்துபோனது.

நல்லவேளை, ஓட்டைகள் பறக்கவில்லை. அவற்றையும் தூளையும் பார்த்து, ‘பூச்சி அரித்துப் பட்ட மரம்’ என்று வாட்சர் எழுதிக்கொண்டார். சிங்காரம் அழுதேவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான் — வண்டு எந்தப் பக்கம் போனது என்று யோசிக்கும்வரை.

மதிலைத் தாண்டி எங்கள் கொல்லைக்குத்தான் போனது. அங்கேயும் ஒரு சர்க்கார் மரம் நிற்கிறது.

காலித் தீப்பெட்டி ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன்.