பாதிக் கடல் வரை பறந்த கொடி

அன்று படகில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். இன்ஜின் பார்க்கும் என் மச்சான். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தப்போகும் கல்லூரி மாணவி. ராமநாதபுரத்தில் ஆட்டோ ஓட்டும் அவளுடைய அப்பா. அவளுடைய கோச். இங்கிருந்து போனவர்கள் இந்த ஐந்து பேர்தான். அங்கே போய் ஏறியவர் ஒருவர். போன வருஷம் மாசி மாதம் அது, கடல் அலையில்லாமல் கிடந்த நேரம்.

எனக்குப் பாம்பன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடலுக்கு வந்தவன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம் எனக்கு. வீட்டைப் பூட்டினால் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவனிடம் இந்த வேலை வந்தது. இரண்டு அரசாங்கமும் கொடுத்த அனுமதிக் கடிதங்களை ஜெராக்ஸ் எடுத்து, ஒரு கட்டை இடுப்பிலும் ஒரு கட்டை மச்சான் பையிலும் வைத்தேன். நம் கொடியைப் புதிதாக வாங்கிப் படகின் பின்பக்கம் கட்டினேன். கடற்கரை போலீஸிடம் இரண்டு தடவை போய், "எல்லாம் சரிதானே சார்?" என்று கேட்டேன். இரண்டாவது தடவை அவரே சிரித்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் அந்தப் பிள்ளை கடலில் குதிக்க வேண்டும். அதனால் முதல் நாள் மதியமே தலைமன்னார் போய்ச் சேர்ந்தோம். இலங்கை நேவி படகு வந்து எங்கள் காகிதங்களைப் பார்த்தது. அதிகாரி சிங்களம் பேசினார். கூட வந்திருந்த தலைமன்னார் மீனவர்தான் தமிழில் சொன்னார். மணல் திட்டுகளில் ஏறிவிடாமல் எங்களுக்கு வழிகாட்ட அவரைத்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

"எங்கட கொடி எங்க எண்டு கேக்கிறார்" என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை. வேறு நாட்டுக் கடலுக்குள் போகிற படகு, அங்கே இருக்கும்வரை அந்த நாட்டுக் கொடியையும் ஏற்ற வேண்டுமாம். கப்பல்களில் இருக்கிற மரியாதையாம் அது. இத்தனை பேரிடம் கேட்டேனே, ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. கொடி இல்லாவிட்டால் காலையில் புறப்பட முடியாது. நீச்சலுக்கு அனுமதியோ அந்த ஒரு நாளுக்குத்தான். ஆட்டோக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் பயம் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தம்பியை இதே கொடி கட்டிய நேவி படகுதான் பிடித்துக்கொண்டு போனது. தம்பி ஜெயிலிலிருந்து வந்துவிட்டான். அவன் கடன் வாங்கிக் கட்டிய விசைப்படகு இன்னும் அங்கேதான் நிற்கிறது. அந்தக் கொடியை நான் என் கையால் ஏற்றினால், ஊரில் என்னை என்னவென்று சொல்வார்கள்? தம்பி முகத்தில் எப்படி முழிப்பேன்?

"நான் ஏத்த மாட்டேன்" என்றேன்.

தலைமன்னார்க்காரர் எங்கள் படகுக்குத் தாவி வந்தார். என் வயசுதான் இருக்கும்.

"அண்ணை, உங்கட கொடிய இறக்கச் சொல்லேல்லையே. எங்கடதையும் ஏத்தச் சொல்லுறம். நான் உங்கட வீட்டுக்கு வந்தா வாசல்ல செருப்பக் கழட்டுவன். அதுக்காக உங்கட வீடு என்ர வீடாகிப் போகுமே?"

"என் தம்பி படகப் புடிச்சு வச்சுக்கிட்டு மரியாதை கேக்குறீங்களா?"

"உங்கட தம்பீன்ர போட்டு இழுவைப் போட்டுத்தானே?" என்றார் சட்டென்று, கடலின் அடியை வாரி இழுக்கிற விசைப்படகைச் சொல்லி. "அந்த மாதிரிப் போட்டு வந்து என்ர வலைய அறுத்துக்கொண்டு போனது. அதை நான் ஆரிட்டக் கேக்கிறது? உங்களிட்டக் கேக்கட்டோ?"

அப்போதுதான் அந்தப் பிள்ளை, வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே சொன்னாள்: "மாமா, ரெண்டு பேரும் சண்டைய அந்தப் பக்கம் போய் வச்சுக்கங்க. நான் காலையில குதிக்கணும்."

மச்சான்தான் முதலில் சிரித்தான். அப்புறம் தலைமன்னார்க்காரர். நான் சிரிக்கவில்லை, ஆனால் யோசித்தேன். அவர் கேட்டது நியாயம். நான் கேட்டதும் நியாயம். இந்தப் பிள்ளை இரண்டுக்கும் பொறுப்பில்லை.

"சரி. கொடி எங்கன விக்கிது?" என்று கேட்டேன்.

அவரே கரைக்குப் போய்த் தன் காசில் வாங்கி வந்தார். பின்பக்கம் நம் கொடி இருந்தபடி இருக்க, முன்பக்கக் கம்பில் அதை நானே கட்டினேன். முடிச்சுச் சரியில்லை என்று அவர் அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். அவர் போட்டது எங்கள் ஊரில் போடுகிற அதே முடிச்சு. மச்சான் செல்போனில் படம் எடுத்தான். "எடுக்காதலே" என்பதற்குள் எடுத்துவிட்டான்.

காலையில் அந்தப் பிள்ளை குதித்தாள். நாங்கள் பக்கத்திலேயே மெதுவாகப் போனோம். நேவி படகு பின்னால் வந்தது. பாதிக் கடல் வருவதற்குச் சற்று முன்னால் சொறி மீன் என்கிற ஜெல்லி மீன் அவள் தோளிலும் கழுத்திலும் சுற்றிவிட்டது. அவள் அலறிய அலறலில் ஆட்டோக்காரர் எழுந்துவிட்டார். "போதும்மா, ஏறிரும்மா" என்று கெஞ்சினார். விதிப்படி அவள் படகைத் தொட்டால் நீச்சல் முடிந்தது. அவள் மிதந்தபடி அழுதாள்.

தலைமன்னார்க்காரர் படகு விளிம்பில் வயிற்றை வைத்துக் குனிந்தார். "தங்கச்சி, இஞ்ச பார். அந்தா எல்லைக் கோட்டடிக்கு வந்திட்டம். இவ்வளவு தூரமும் நீவாடு எங்கட பக்கம் இழுத்தது. இனி உங்கட பக்கம் இழுக்கும். உன்ர நாடு உன்னத் தானா இழுக்குது, நீ கைய மட்டும் போடு." நீவாடு என்றால் நீரோட்டம். எங்கள் ஊரிலும் அதே பேச்சுத்தான்.

உண்மையில் நீரோட்டம் அப்படித் திரும்பியிருக்கவில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் கையைப் போட்டாள்.

எல்லைக்கோடு வந்தது. கடலில் கோடு என்று எதுவும் தெரியாது, ஜி.பி.எஸ். கருவி காட்டுகிற எண் மட்டும்தான். நேவி படகு நின்றது. தலைமன்னார்க்காரர் அதில் ஏறிக்கொள்ள வேண்டும். நான் முன்பக்கக் கொடியை இறக்கி அவரிடம் நீட்டினேன்.

"வச்சிருங்கோ. அடுத்த முறை வாறதுக்கு வேணும்."

கொடியின் விலைக்கு நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்தேன். வாங்கவில்லை. "உங்கட காச நான் எங்க கொண்டுபோய் மாத்துறது? எங்கட காசு அறுநூறு. அடுத்த முறை வரேக்க தாங்கோ" என்று சொல்லித் தாவிவிட்டார்.

கொடியை எங்கே வைப்பதென்று எனக்குப் பெரிய குழப்பம். படகெங்கும் உப்புத் தண்ணீர், டீசல். கீழே போட மனசு வரவில்லை. நம் கொடி வந்த பிளாஸ்டிக் உறை ஒன்றுதான் காய்ந்திருந்தது. மடித்து அதற்குள் வைத்தேன்.

பொழுது சாயத் தொடங்கும்போது அந்தப் பிள்ளை தனுஷ்கோடி மணலில் எழுந்து நின்றாள். கூட்டம் கைதட்டியது. மச்சான் அனுப்பிய படம் எங்களுக்கு முன்னாலேயே கரை சேர்ந்திருந்தது. "ஏலே, இலங்கை நேவி வந்துருச்சு பாருலே" என்று இரண்டு பேர் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். கூட்டத்தில் என் தம்பியும் நின்றான். சிரிக்கவில்லை. நேராகப் படகுக்கு வந்தான்.

"எங்கண்ணே அது?"

உறையைக் கொடுத்தேன். பின்பக்கத்திலிருந்து அப்போதுதான் இறக்கிய நம் கொடியும் அதற்குள்தான் இருந்தது.

"ரெண்டையும் ஒண்ணாவா வச்சிருக்க?"

"ஈரம்படாத பை அது ஒண்ணுதான்டா இருந்துச்சு."

அவன் இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தான். "என் படகக் கேட்டியா?"

"கேட்டேன். அந்தாளு அவரு வலையக் கேட்டாரு. இழுவைப் படகு அறுத்துட்டுப் போயிருச்சாம்."

திட்டுவான் என்று நினைத்தேன். உறையை மூடி என் கையில் கொடுத்தான். "எம்புட்டு வலைண்ணே போச்சாம்?" என்று கேட்டான். தம்பியாக இல்லை, ஒரு மீன்பிடிக்கிறவனாகக் கேட்டான். அதை நான் கேட்டிருக்கவில்லை. "அடுத்த தடவ கேட்டுட்டு வா" என்றான்.

அடுத்த நீச்சலுக்கு ஆள் வந்தால் நான்தான் போவேன். இரண்டு கொடிகளும் ஒரே உறையில் அலமாரியில் இருக்கின்றன. அதையும் போலீஸிடம் கேட்டுவிட்டேன், தப்பில்லை என்றார். நம் கொடி நம்முடையது, அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. தம்பியின் படகை விடாமல் கேட்பேன். அந்த வலை எவ்வளவு என்றும் கேட்பேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்கு இதில் மட்டும் பயமே வரவில்லை. அதற்கு முன்னால் தலைமன்னார்க்காரர் கையில் எண்ணிக் கொடுக்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது, இலங்கைக் காசில் அறுநூறு ரூபாய்.