லோகேஸ்வரிக்கு அம்மை போட்ட மூன்று நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லோகேஸ்வரிக்கு அந்தக் கிரீமைக் கொடுத்தது நான்தான். அதற்குப் பிறகு ஆளாளுக்கு என்னென்னவோ சொன்னார்கள். அவளுடைய நாத்தனார் சீதாலெட்சுமி அக்கா இன்றுவரைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுவதுதான் நல்லது.

பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் நானும் அவளும் பதினாறு வருடமாக ஒன்றாக வேலை பார்க்கிறோம். என் பெயர் பெர்னடெட். அவளுக்கு மட்டும் நான் பெர்னா. தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வருவாள். ஃபிரேம் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. "அங்கிள், இதப் போட்டா பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்கீங்க லா" என்று அவள் சொன்னால், ஏற்கெனவே இரண்டு ஜோடி வைத்திருக்கிறவரும் மூன்றாவதை வாங்கிக்கொண்டு போவார். ஊரார் வயதையெல்லாம் குறைத்துச் சொன்னவள் தன் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. கண்ணாடியின் பின்பக்கம்தான் எப்போதும் அவள் பக்கம் இருக்கும்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டுக்காரர் கமலநாதனுக்கு ஐம்பத்தாறு. மனுஷன் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மீசைக்கும் தலைக்கும் கறுப்படித்துக்கொண்டு, சட்டையை இன் செய்துகொண்டு மாப்பிள்ளை மாதிரி இருப்பார். அவர் சட்டையை இஸ்திரி போடுகிறவள் இவள். இருபத்தெட்டு வருடமாக அடுப்பும் ரயிலும் கடையுமாக ஓடி, கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் தொங்கிப் போனவளும் இவள்தான். இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

வைகாசியில் மகள் வாணிக்குப் பரிசம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், நல்ல மனசுக்காரர்தான், கமலநாதனிடம் வந்து லோகேஸ்வரியைக் காட்டி, "இவங்க உங்க மூத்த அக்காவா?" என்று கேட்டார். கேட்டவர் மேல் குற்றமில்லை, அவருக்குத் தெரியாது. கமலநாதன் சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்துவிட்டு வேறு யாரையோ வரவேற்கப் போய்விட்டார். லோகேஸ்வரி கையில் பழத்தட்டு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல் சுற்றிச் சுற்றி வந்தாள்.

மறுவாரம் கடையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் முகம் எப்படி இப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். எனக்கு அவளைவிட மூன்று வயது கூட. என் கன்னத்தில் மங்கு படர்ந்தபோது சுபாங் ஜெயாவில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். அவர் ரெட்டினாய்டு கிரீம் ஒன்று எழுதிக் கொடுத்தார். சுருக்கத்துக்கும் அதுதான் என்றார். இரண்டு வாரம் போட்டேன். தோல் உரிந்தது, பயந்து நிறுத்திவிட்டேன். மீதி டியூப் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதை எடுத்து அவள் கையில் வைத்தேன். டாக்டர் கொடுத்த மருந்தை இன்னொருத்திக்குக் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கொடுத்தேன். அந்தப் பழத்தட்டோடு நின்றவளை நான் பார்த்திருந்தேனே.

டாக்டர் எனக்கு என்னென்ன சொன்னார் என்பதில் பாதி மறந்துவிட்டது. பட்டாணி அளவு, ராத்திரியில் மட்டும், வெயிலில் போனால் சன்ஸ்கிரீன். இவ்வளவுதான் ஞாபகம். லோகேஸ்வரி நெற்றிக்கு ஒரு பட்டாணி, கன்னத்துக்கு ஒவ்வொரு பட்டாணி, தாடைக்கு ஒரு பட்டாணி என்று கணக்கு வைத்துக்கொண்டாள். முகம் மொத்தத்துக்கும் சேர்த்தே ஒரு பட்டாணிதான் என்பது எங்கள் இருவருக்கும் பிறகுதான் தெரிந்தது.

போதாததற்குக் கைப்பேசி. ரயிலில் வரும்போது ஒரு பெண் தினமும் போடு என்பாள், திரும்பும்போது இன்னொருத்தி வாரத்துக்கு இரண்டு நாள் போதும் என்பாள். ஒருத்தி முதலில் மாய்ஸ்சரைசர், அதற்கு மேல் இது, அதற்கும் மேல் மறுபடி மாய்ஸ்சரைசர் என்று அடுக்குவாள். இன்னொருத்தி அப்படிச் செய்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பாள். உரிந்தால் வேலை செய்கிறது என்று ஒரு டாக்டர், உரிந்தால் உடனே நிறுத்து என்று இன்னொரு டாக்டர். எல்லாருக்கும் முகம் பளபளவென்றிருந்தது. யாரை நம்புவது? மூன்றாவது வாரம் மூக்கோரம் சிவந்து எரிய ஆரம்பித்தபோது லோகேஸ்வரி என்னைக் கேட்டாள்:

"பெர்னா, இது நல்லாவுறதுக்கு எரியுதா, கெட்டுப்போறதுக்கு எரியுதா?"

நான் என்ன டாக்டரா? பொறுத்துப் பார் என்றேன். அவளும் பொறுத்தாள். பொறுக்கிறதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் கேட்க மறந்தது ஒன்று. லோகேஸ்வரிக்கு வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்த்துக் குளிக்காவிட்டால் குளித்த மாதிரியே இருக்காது. கஸ்தூரி மஞ்சளும் கடலை மாவும் கலந்து, முகத்தில் அழுத்தித் தேய்ப்பாள். ஆடி மாதம் என்றால் செவ்வாயும் சேரும். நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் விட்டுப்போய் எத்தனையோ காலம். அது என் நினைவுக்கே வரவில்லை. கிரீம் போட்டு மெலிந்து போயிருந்த தோலில் ஆடிக் கடைசி வெள்ளியன்று அவள் மாவை வைத்துத் தேய்தேயென்று தேய்த்துவிட்டாள். அன்று மதியமே முகம் முழுக்கச் சிவந்து, கன்னத்திலும் நெற்றியிலும் சின்னச் சின்னதாக முத்து முத்தாய்க் கிளம்பிவிட்டது.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. கல்யாண வேலைக்காக வந்து தங்கியிருந்த சீதாலெட்சுமி அக்கா முகத்தைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், அம்மை என்று சொல்லிவிட்டார். ஆடி வெள்ளி, முகத்தில் முத்து. அதற்கு மேல் யாரிடம் கேட்க வேண்டும்?

எனக்கு வாணியிடமிருந்து செய்தி வந்தது, அம்மாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, வேலைக்கு வரமாட்டார் என்று. பாவம் என்று நினைத்தேனே ஒழிய, எனக்குச் சத்தியமாகப் பொறி தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அவளுக்குப் பிடிக்குமே என்று பொரித்த மீனை டப்பாவில் போட்டுக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். கேட்டில் வேப்பிலை கட்டியிருந்தது. சீதாலெட்சுமி அக்கா வாசலிலேயே மறித்து, சாவு வீட்டுக்கு எங்கேயும் போய் வந்தேனா என்று கேட்டார். இல்லை என்றதும் டப்பாவைப் பார்த்தார். மீனைக் காரிலேயே வைத்துவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது.

லோகேஸ்வரி மஞ்சள் சேலையில் கூடத்துப் பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வேப்பிலைக் கொத்து, சொம்பில் இளநீர். வீட்டில் தாளிப்பு இல்லை, டிவி இல்லை. முடியின் அடியெல்லாம் வெளுத்திருந்த கமலநாதன் உள்ளே வந்து தயங்கி நின்று, "அம்மாவுக்கு ஏதாச்சும் வேணுமா?" என்று, அவளுக்குள் இறங்கிய அம்மனிடம் கேட்பது போலக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வீட்டில் அந்தக் கேள்வியை அவர் கேட்டு நான் கேட்டதில்லை. மூன்று நாளாக அவர்தான் கஞ்சி வைக்கிறாராம். மூன்று நாளாக அவள் ஒரு டம்ளரைக்கூடக் கழுவவில்லையாம்.

கிட்டே போய்ப் பார்த்தேன். கையில் இல்லை, கழுத்தில் இல்லை, முகத்தில் மட்டும். அதுவும் மூக்கோரத்தில் எனக்கு உரிந்தது போலவே உரிந்திருந்தது. காதோரம் குனிந்து, இது அந்தக் கிரீம்தானே என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரியவில்லை என்றாள். முதலில் கிரீம் என்றுதான் நினைத்தாளாம். அண்ணி சொன்ன பிறகு அம்மைதானோ என்று தோன்றிவிட்டதாம். கொடுத்த முகத்தை மாற்றப் பார்த்ததற்கு அம்மாளுக்குக் கோபம் வந்திருக்கலாம் இல்லையா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அதோடு, சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், மகளுக்குக் கல்யாணம் வைத்துக்கொண்டு இவளுக்கு எதற்கு மினுக்கு என்பார்கள். நீயும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நானும் முட்டாள் மாதிரிச் செய்து கொடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் சீதாலெட்சுமி அக்கா தொலைபேசியோடு கூடத்துக்கு வந்தார். அம்மா வீட்டில் இருக்கும்போது மேளம் கொட்டக் கூடாது, மூன்று தண்ணீர் ஊற்றி முடியவே நாளாகும், ஆகவே முகூர்த்தத்தைத் தள்ளிப்போடச் சொல்லி மாப்பிள்ளை வீட்டில் பேசப் போகிறேன் என்றார். மாப்பிள்ளை செப்டம்பரில் பெர்த்துக்கு வேலைக்குப் போகிறவர். இப்போது விட்டால் அடுத்த வருடம் தைக்குத்தான். அறைக்கதவருகே நின்ற வாணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கமலநாதன் அக்காவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

நான் லோகேஸ்வரியைப் பார்த்தேன். அவள் மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, போன வைங்க," என்றாள். "இது அம்மா இல்ல. நான் முகத்துக்குக் கிரீம் போட்டேன்."

என்ன கிரீம் என்று அக்கா கேட்டார். சுருக்கம் போக என்றாள். அக்கா புரியாமல் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஐம்பது வயதுக்கு மேல் இதெல்லாம் எதற்கு, யாரைக் காட்ட என்று அக்கா ஆரம்பித்தார். கோபம் பாதி, பயம் பாதி. அம்மாளை வைத்து மூன்று நாள் விளையாடிவிட்டோமே என்று அவருக்கு நடுக்கம். லோகேஸ்வரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. கமலநாதனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அன்னிக்குப் பரிசத்துல, நான் உங்களுக்கு அக்காவான்னு கேட்டாங்க. நீங்க சிரிச்சீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. கமலநாதன் அப்படியே நின்றார். அந்தக் கேள்வி அவருக்கு ஞாபகம் இருந்ததா இல்லையா என்று அவர் முகத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, டாக்டரிடம் போகலாம் வா என்றார்.

கிளினிக்கில் இருந்த சின்னப் பெண் டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார். அம்மை இல்லை, அதிகமாகக் கிரீம் போட்டதும் தேய்த்ததும் சேர்ந்து தோல் வெந்துவிட்டது, எல்லாவற்றையும் நிறுத்துங்கள், வெறும் மாய்ஸ்சரைசர் போதும் என்றார். பிறகு, தோல் ஆறியபின் வேண்டுமானால் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி ஆரம்பிக்கலாம், நல்ல மருந்துதான் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் லோகேஸ்வரி என் தோளைப் பிடித்து நிறுத்தி, அப்படியென்றால் அது நல்லதா கெட்டதா என்று கேட்டாள். காரில் ஏறி வீடு திரும்பினோம். சீதாலெட்சுமி அக்கா வேப்பிலையை அவிழ்க்க மறுத்துவிட்டார். டாக்டர் சொன்னால் சொல்லட்டும் என்று, தலைக்கு ஒரு தண்ணீர் ஊற்றி, அம்மனுக்குக் கூழ் காய்ச்சி வைத்த பிறகுதான் கேட்டிலிருந்து எடுத்தார். அதற்கு லோகேஸ்வரியும் மறுப்பில்லாமல் உட்கார்ந்தாள்.

கல்யாணம் குறித்த நாளில்தான் நடந்தது. கிள்ளான் மண்டபத்துக்கு நான் நேரத்தோடே போய்விட்டேன். வாசலில் கமலநாதனைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை வெள்ளை, மீசை வெள்ளை. பரிசத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் கறுப்படித்தாராம். கடைசி நேரத்தில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, மிச்சமிருந்த கறுப்பையும் எடுத்துவிட்டார். ஏன் என்று வாணி சண்டை பிடித்திருக்கிறாள். டை போட்டால் தலை அரிக்கிறது என்றாராம். உண்மையிலேயே அரித்ததா, வேறு காரணமா, லோகேஸ்வரிக்கும் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை. அவள் முகமும் ஒன்றும் மாறிவிடவில்லை. சிவப்பு மட்டும் வடிந்திருந்தது. சுருக்கமெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இருவரும் வாசலில் நின்று வருகிறவர்களை அழைத்தார்கள். அவர் கையில் சந்தனக் கிண்ணம், அவள் கையில் பன்னீர்ச் செம்பு. ஈப்போவிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்கார அம்மா ஒருவர், லோகேஸ்வரியின் கையைப் பிடித்து நலம் விசாரித்துவிட்டு, கமலநாதனைக் காட்டிக் கேட்டார்.

"இவரு உங்க பெரிய அண்ணனா?"

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். கமலநாதனுக்கும் காதில் விழுந்தது. அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், என்ன வந்தாலும் வாங்கிக்கொள்கிறவர் போல. லோகேஸ்வரியின் உதட்டோரம் சிரிப்பு ஏறுவதை நான் பார்த்தேன். சிரி, நன்றாகச் சிரி என்று என் மனசு துடித்தது.

"என் வீட்டுக்காரர்," என்றாள். "உள்ள வாங்க, சாப்பிட்டுட்டுதான் போகணும்."

அந்த அம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே போனார். கமலநாதன் விரலில் சந்தனத்தைத் தொட்டு, அவள் நெற்றிப் பக்கம் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். எரியும் என்று முணுமுணுத்துவிட்டு, அவள் இடது புறங்கையைப் பிடித்து அதில் தடவினார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். சோறு வைத்ததும் மெதுவாக என் பக்கம் சாய்ந்தாள்.

"சிரிச்சிருக்கலாமோ, பெர்னா?"

வாசலில் உதட்டோரம் ஏறி நின்ற சிரிப்பைத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. சந்தனம் காய்ந்த இடது கையை இலையில் படாமல் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.