ஈரச் சரக்கு

சனாத்துவுக்கு வயது நாற்பத்தொன்று, கைவிரல்கள் எட்டு. மற்ற இரண்டும் 2021 மார்ச்சில் அவளுடைய பீப்பாய் வெடித்தபோது போயின.

டமாலே நகரக் குப்பைமேட்டின் பின்புறம் அவளுக்கு ஓர் இரும்புப் பீப்பாய், வளைந்த நீளக் குழாய், கீழே விறகு. காலித் தண்ணீர் பாக்கெட்டுகளை அடைத்து, மூடியை இறுக்கிக் காய்ச்சினால் ஆவி குழாய்வழியே போய்க் குளிர்ந்து எண்ணெயாக வடியும். மாவு மில்காரர்கள் அதை டீசலில் கலந்து ஓட்டுகிறார்கள். பெட்ரோல் பங்க்கில் டீசல் லிட்டர், அந்நாட்டுப் பணத்தில், பதினாலு சிடி. இவளிடம் ஒன்பது.

பத்துக் கிலோ பாக்கெட்டுக்கு இருபது சிடி, விறகுக்குப் பதினைந்து. ஏழு லிட்டர் வடிந்தால் அறுபத்து மூன்று, இருபத்தெட்டு மிஞ்சும். ஆனால் பாக்கெட்டின் மூலையைக் கடித்துக் குடிக்கிறவர்கள் கடைசி மடக்கை அப்படியே வீசிவிடுவார்கள். பொறுக்குகிறவர்களும் அதைக் கொட்டுவதில்லை, எடைக்கு ஆகும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் என்றால் அவளுக்கு மிஞ்சுவது ஏழு சிடி. விரல்கள் போனதும் அந்தத் தண்ணீர் கொதிக்கும் எண்ணெயில் ஆவியாகி வெடித்ததால்தான்.

சென்ற ஜூனில் அவள் சொல்லிவிட்டாள்: கிழித்துக் காயவைத்ததைத்தான் இனி எடை போடுவேன்.

மேட்டின் வாசல் அலிடுவின் கையில் இருந்தது. வெளியே போகும் ஒவ்வொரு மூட்டையிலும் அவனுக்குப் பங்கு. மறுநாள் நண்பகலில் நான்கு ஆட்களோடு வந்தான். வயதில் மூத்தவள் என்று ஊர் வழக்கப்படி குந்தி வணக்கம் சொல்லவில்லை. நின்றபடியே அவள் வாயில் அறைந்தான்.

"என்னக்கா, என் சரக்கு ஈரமாமே? இப்ப உன் வாயும் ஈரமாயிருச்சு பாரு."

அவள் ரத்தத்தைத் துப்பினாள். "காயவச்சுக் கொண்டா, வாங்கிக்கறேன். என்னை அடிச்சா எண்ணெய் வராதுடா."

ஒருவன் வெட்டுக்கத்தியைப் படுக்கையாகத் திருப்பி முதுகில் ஓங்கி அடித்தான். முழங்கால் மடிந்து விழுந்தாள். இன்னொருவன் குழாயை மிதித்து நசுக்கினான்.

"என்ன வேணா அடிங்க, பீப்பாயத் தொடாதீங்கடா! அது போனா நான் எதுல பொழைப்பேன்?"

அலிடு ஆட்களைப் பார்த்துச் சிரித்தான். "தண்ணி வெடிக்குமாம்! கதவிடுக்குல விரலக் குடுத்துட்டு நம்ம மேல பழி போடுறா. மூடியத் திறங்கடா, நானே போட்டுக் காட்டுறேன்."

"அடியிலேருந்து தீய வெளிய இழுத்து அரைமணிதான் ஆச்சு! உள்ள எண்ணெய் கொதிக்குது. அலிடு, உங்கம்மா மேல சத்தியமா சொல்றேன், வேணாம்!"

"அக்காவுக்கு உதறுது பாரு!"

ஒருவன் அவள் தலைமுடியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் மூடியைத் திறக்க, அலிடு தண்ணீர் சொட்டச் சொட்டத் தான் கொண்டுவந்த பாக்கெட் மூட்டையைத் தூக்கி உள்ளே கவிழ்த்தான்.

பீப்பாய் உறுமியது. கொதிக்கும் எண்ணெய் ஆளுயரத்துக்குச் சீறி அவன் முகத்திலும் மார்பிலும் கொட்டியது. கீழே கிடந்த தணலில் பட்டதும் பற்றிக்கொண்டது. தலைமுடியை விட்டுவிட்டு ஓடியவனின் சட்டையும் எரிந்தது. சனாத்து அவனை மண்ணில் தள்ளிப் புரட்டினாள். அலிடுவை யாராலும் நெருங்க முடியவில்லை. பீப்பாயின் அடி பிளந்துபோயிருந்தது.

மூன்றாம் நாள் அவன் ஆஸ்பத்திரியில் இறந்தான். போலீஸ் அவளை இரண்டு நாள் உட்காரவைத்து விசாரித்தது. மண்ணில் புரண்டவன் நடந்ததை நடந்தபடி சொன்னதால் விட்டுவிட்டார்கள்.

வாசல் இப்போது அலிடுவின் தம்பி யாக்குபுவுடையது. பாக்கெட்டுகளைக் கிழித்து, வெயிலில் காயவைத்து, கிலோ மூன்று சிடி என்கிறான். அந்த விலையிலும் பத்துக் கிலோவுக்குப் பதினெட்டு மிஞ்சும். மில்காரர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பீப்பாயில் சனாத்து திங்கட்கிழமை தீ மூட்டுகிறாள்.