இளைத்தது ஒரு குற்றமா?

பொழிச்சலூரில் எங்கள் காலனியில் குண்டாக இருப்பது ஒரு குறையே இல்லை. ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார ஆட்கள் யோசிக்கும் அளவுக்கு நான் பெருத்தபோதும், "டீச்சர், களையா இருக்கீங்க" என்றுதான் சொன்னார்கள். உண்மையைச் சொன்னவர் டாக்டர். "சர்க்கரை வர்ற மாதிரி இருக்கு. எடையைக் குறைங்க. நாலு மாசத்துல குறையலைன்னா மாத்திரைதான்."

எனக்கு அப்பாவின் கால் நினைவுக்கு வந்தது. சர்க்கரை முதலில் அவருடைய விரல்களை வாங்கியது, பிறகு பாதத்தை. பயந்துவிட்டேன். அன்றே சோற்றைப் பாதியாக்கினேன். இரவில் கேழ்வரகுக் கஞ்சி, விடிந்ததும் நடை.

எடை இறங்கியது, ஜாக்கெட் தொளதொளத்தது. நாலு பேர் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா கூடையை இறக்கும்போதே அலறினார். "இன்னாம்மா, பாதியா பூட்ட! ஒடம்புக்கு இன்னா?"

நானேதான் குறைக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. சும்மாவே ஒரு சுறாத் துண்டை என் பாத்திரத்தில் போட்டார். "புட்டு செஞ்சு துன்னு. புள்ள பெத்தவளுக்கே அதத்தான் குடுப்போம்."

என் பிள்ளைக்குக் கல்யாண வயது.

எதிர்வீட்டு அக்கா தாம்பரம் ஸ்டேஷனில் என் கணவரை மடக்கினார். "சார், டீச்சர் ஒழுங்கா சாப்பிடறாங்களா?" எங்கே பொய் சொல்ல வேண்டும் என்று தெரியாத மனிதர். "ராத்திரியில வெறும் கஞ்சிதான் மேடம்" என்றார்.

அவ்வளவுதான், காலனியில் நான் படுத்த படுக்கையாகிவிட்டேன். நெய்ப் பொங்கல் வந்தது, பாதாம் பால் வந்தது, ஆட்டுக்கால் சூப் வந்தது. கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை வேறு. வந்ததையெல்லாம் என் கணவர்தான் தின்றார். "பொண்டாட்டி இப்படிக் கிடக்கிறா, இந்த மனுஷனுக்கு எப்படித்தான் சோறு இறங்குதோ" என்று அவருக்கும் கெட்ட பெயர்.

நாலு மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தேன். சர்க்கரை இல்லை, மாத்திரையும் வேண்டாம். "நல்லா குறைச்சிருக்கீங்க" என்றார் டாக்டர். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். திரும்பும் வழியெல்லாம் அப்பாவை நினைத்து ஆட்டோவில் அழுதேன்.

வீங்கிய கண்களோடு இறங்கிய என்னைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா பதறி ஓடிவந்தார். "டாக்டர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் இல்லையாம்க்கா. சர்க்கரையே இல்லையாம்."

அவருக்கும் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குள் ஓடியவர் நெய் மணக்கும் லட்டோடு திரும்பினார். "நல்ல சேதி. வாயைத் திறங்க."

இத்தனை பிரியமாக ஊட்டுகிறவரிடம் என்ன சொல்வது? பாதியைக் கடித்தேன். சத்தியமாக அருமையான லட்டு.

அவர் என் கன்னத்தைத் தடவினார். "இனிமே பயமில்ல. நல்லா சாப்பிட்டு, சீக்கிரம் பழையபடி ஆயிடுங்க."

மறுநாளிலிருந்து நான் பின்தெருவில்தான் நடக்கிறேன்.