மைக் வயரைப் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய லேப்டாப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆன் செய்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தாலும் இன்னும் கண் விழித்திருக்காது, அப்படி ஒரு சோம்பேறி. ஆபீஸில் எல்லோரும் தூக்கிப் போடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. புதிதாக ஒரு டிரைவ் வாங்கி வந்தேன், சமையல் மேடையில் தோசைத் திருப்பிக்குப் பக்கத்திலேயே இடம் பண்ணி, அடிமூடியைத் திறந்தேன். எழுதும் மேசை ஒன்று வாங்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது இந்த பெங்களூர் ஃபிளாட்டுக்கு வந்த நாளிலிருந்து.

மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. சூடேறி ஆறிய தூசியின் வாசனை. கொஞ்சம் பழைய துணிப்பெட்டி, கொஞ்சம் சுட்ட பிளாஸ்டிக். உங்களுக்கு அது நாற்றமாகத் தெரியலாம். எனக்கு அது சோறு போட்ட வாசனை.

டிரைவை மாற்றி, ஓ.எஸ். போட ஆரம்பித்தேன். எந்த மொழி என்று கேட்டது, எந்த நாடு என்று கேட்டது, அப்புறம் என்னை எதுவுமே கேட்கவில்லை. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்து, வணக்கம் சொல்லிவிட்டு நின்றது. நான்தான் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஓ.எஸ். போடுவதென்றால் ஒரு வீட்டில் அரை நாள் இருப்பது. அந்த வீட்டுக் குழம்பின் வாசனையிலிருந்து குடும்பச் சண்டை வரைக்கும் தெரியாமல் திரும்ப முடியாது.

அப்போது நான் திருப்பதியில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். ஊர் நகரி. அப்பாவை நைனா என்போம்; அவர் தறி ஓட்டினார். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்ததால் இன்றைக்கும் நான் கொஞ்சம் கத்தித்தான் பேசுவேன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன். கூடப் படித்தவர்களெல்லாம் சாஃப்ட்வேர் கோர்ஸ் சேர்ந்து, ஹைதராபாத், பெங்களூர், அப்படியே அமெரிக்கா என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். திருப்பதியில் ரயிலடியிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் கோர்ஸ் போர்டுதான். எனக்குக் கிடைத்தது ஸ்க்ரூடிரைவர். பெண்கள் ஹாஸ்டலில் நான் இருந்த அறையில் மாதத்துக்கு ஒருத்தி கேக் வெட்டிவிட்டுக் கிளம்புவாள். நான் கேக்கைத் தின்றுவிட்டு, காலியான கட்டிலைச் சுவர் ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொள்வேன். கடைசியில் அறையில் கட்டில்கள் மிஞ்சின, ஆள் நான் மட்டும்.

கடைக்கு சித்தூரிலிருந்தெல்லாம் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஓனர் ஒரு புது ஹார்ட் டிஸ்க்கை என் கையில் கொடுத்து, "சூடம்மா, ஜாக்ரத்தா. சாயங்காலம் நாலு மணிக்குள்ள சிஸ்டம் ஓடணுமாம். அந்த மனுஷன் போன்ல அழாத குறை" என்றார். பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகத்தான் அவர் பேசுவார்; சூடம்மா என்றால் பாரம்மா. புத்தலப்பட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு குழிக்கும் ஹார்ட் டிஸ்க்கை மடியிலிருந்து தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டு அம்மா, பிரசாத லட்டு என்று நினைத்திருக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வழி விட்டாள்.

வீட்டுக்காரர் பெயர் தேசப்பன். ஐம்பது வயது இருக்கும். மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை. சட்டையிலிருந்தே தோத்தாபுரி மாம்பழ வாசனை வந்தது. என்னைப் பார்த்துவிட்டு என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆம்பள யாரும் வர்லியாமா?"

"நான்தாண்ணா வந்துகீறேன்."

"சரி வா வா. நாலு மணிக்குள்ள ஆயிடுமா?"

அந்த நாலு மணி என்னவென்று வேலை ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அவர் மனைவி கன்னியம்மா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போயிருந்தார். கல்லு வீடு கட்ட வேண்டும், அதற்குத்தான். மகளைப் பலமனேரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. மருமகன்தான் இந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து, இன்டர்நெட் வழியாகக் குரலில் பேசிக்கொள்கிற மாதிரி செய்து கொடுத்திருந்தான். குவைத் வீட்டில் வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போது, அந்த வீட்டுப் பெண் தன் கம்ப்யூட்டரைக் கன்னியம்மாவுக்குத் திறந்து கொடுப்பாள். நமக்கு அது நாலு மணி. அதை விட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை.

பழைய ஹார்ட் டிஸ்க் 'டக், டக்' என்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டாலே எங்களுக்குத் தெரியும், இனி அதில் ஒன்றும் கிடைக்காது. சொன்னேன். அவர் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"அதுல அவ கொரலு இருந்திச்சிமா."

"என்னண்ணா?"

"வாராவாரம் அவ பேசறத புடிச்சி வப்பேன். ஒரு நிமிசந்தான் புடிக்கும் அது. ராத்திரில சோறு துன்னும்போது போட்டு வச்சிக்குவேன். யாரோ வூட்ல கீற மாதிரி இருக்கும்."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புது டிஸ்க்கை மாட்டினேன், ஃபார்மேட் போட்டேன், சி.டி.யைத் தள்ளினேன். திரையில் அந்த நீலக் கோடு மெல்ல ஊர்ந்தது. அவர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை கரண்ட் போனது. வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தை மட்டும் கழற்றி வந்து கம்ப்யூட்டர் மேல் சாய்த்து வைத்தார். அதற்குப் பதில் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

ஓ.எஸ். ஏறி முடிந்தது. ஸ்பீக்கர் பேசியது. மோடம் மட்டும் ஊமையாக இருந்தது. அதை இயக்குகிற டிரைவர் என்ற சின்ன சாஃப்ட்வேர் என் பையில் இருந்த எந்த சி.டி.யிலும் இல்லை. மோடம் இல்லாமல் இன்டர்நெட் இல்லை, இன்டர்நெட் இல்லாமல் அந்த டிரைவரை எடுக்கவும் வழியில்லை. அவரிடம் எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கிக்கொண்டு, "அண்ணா, இங்க பிரௌசிங் சென்டர் எங்கனா இருக்குதா?" என்றேன்.

அவர் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனோம். சென்டரில் எல்லா கம்ப்யூட்டர் முன்னாலும் ஆள். பாதிப் பேர் விசா விஷயம், மீதிப் பேர் வேலை விஷயம். தேசப்பன் ஒவ்வொருவர் நாற்காலிக்குப் பின்னாலும் போய் நின்று, "கொஞ்சம் அர்ஜென்ட் நைனா, வூட்டம்மா குவைட்லேர்ந்து பேசறா" என்றார். முன்பின் தெரியாத ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். டிரைவரை இறக்கி, ஒரு ஃபிளாப்பியை நம்பாமல் இரண்டில் போட்டுக்கொண்டேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். ஏனென்றால் வீட்டுக்கு வந்து போட்டபோது முதல் ஃபிளாப்பி கர்ரென்று உறுமிவிட்டுப் படுத்துக்கொண்டது. இரண்டாவது ஏறியது.

மோடம் ஊளையிட ஆரம்பித்தது. அந்தக் கூச்சலை நீங்கள் கேட்டிருப்பீர்கள், யாரோ தகரத்தைக் கிழிக்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தேன், தேசப்பனைக் காணோம். உள்ளேயிருந்து முகத்தைச் சவரம் செய்து, தலை வாரி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கேமரா கிடையாது, குரல் மட்டும்தான். நான் பார்த்ததைப் பார்த்து, "சும்மா" என்றார்.

கடைசியாக ஒரு தொல்லை மிச்சமிருந்தது. மைக் வயரின் முனை ஓட்டையில் நிற்கவில்லை. விரலால் அழுத்திப் பிடித்தால்தான் இந்தப் பக்கத்துக் குரல் அந்தப் பக்கம் போகும். விட்டால் நின்றுவிடும். ஓட்டை சி.பி.யூ.வின் முதுகில். ஆகவே, ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வாரத்துக்கு ஒருமுறை பேசிக்கொள்ளும் நேரத்தில், நான் மேசைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து முட்டி போட்டுக்கொண்டு, வயரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே போகவும் முடியாது, காதை மூடவும் முடியாது.

"இன்னாங்க, கேக்குதா?" ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

"கேக்குது. துன்னியா?"

"துன்னேன். நீ?"

"ம்."

அப்புறம் வெகுநேரம் இரண்டு பேரும் பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும். எனக்குப் பதற்றமாக இருந்தது; இதற்கா இவ்வளவு பாடுபட்டோம், பேசுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். வெயில் எப்படி என்று ஒருவர் கேட்டார். இங்கேயும் வெயில்தான் என்று மற்றவர் சொன்னார். அந்த நேரம் பார்த்து, தூசி ஏறி எனக்கு இருமல் வந்துவிட்டது.

"யாரு அது? யாரோ இருமறாங்களே."

"கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த பொண்ணு."

"பொண்ணா?"

என் உயிர் போய் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குரல் கேட்டது: "துன்றதுக்கு எதுனா குடுத்தியா அதுக்கு?"

தேசப்பன் தலையில் கை வைத்தார். "அய்யோ, மறந்தே பூட்டேன்."

"நல்ல ஆளு நீ. அந்தப் பொண்ணாண்ட குடு, நான் பேசறேன்."

மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தார். நான் வயரை விடாமல் கழுத்தை மட்டும் திருப்பி, "அக்கா" என்றேன்.

"எந்த ஊரும்மா?"

"நகரிக்கா. இப்ப திருப்பதில ஹாஸ்டல்ல இருக்கறேன்."

"கூட யாரு கீறாங்க?"

"யாரும் இல்லக்கா. எல்லாம் வேலைக்கு வெளியூரு போய்ட்டாங்க. நான் மட்டும்தான்."

"தனியாவா?" ஒரு மூச்சு விட்டார். அங்கிருந்து இங்கு வர அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. "நானுந்தாம்மா. வூடு நெறைய ஜனம். ஆனா யாராண்ட பேசறது சொல்லு."

சரிக்கா என்றேன். எதற்குச் சரி என்றேனோ. தேசப்பன் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டபோது, வயரை விடாமல் மேசை ஓரமாக எட்டி, திரையில் குரல் பதிகிற அந்தச் சின்னக் கட்டத்தில் பச்சைக்கோடு துடிப்பதைப் பார்த்தேன். எப்போது அழுத்தினாரோ. புது டிஸ்க்கில் ஏறிய முதல் குரல் அதுதான்: வீடு நிறைய ஜனம் என்று அந்த அம்மா சொன்னது, அதற்கு முன்னால் என் இருமல்.

அன்று தேசப்பன் கிண்டிப் போட்ட உப்புமா வாயில் வைக்க முடியாது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, சித்தூரில் ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போனபோது அந்தத் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கல்லு வீடு எழும்பி, சுண்ணாம்பு அடித்திருந்தது. கதவைத் திறந்தது ஒரு அம்மா. நான் "அக்கா" என்றதும் அவர் முகம் விரிந்தது.

"நீதானா? உன் கொரலு எனக்குத் தெரியுமே. வா உள்ள."

கன்னியம்மா வந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. தேசப்பன் ஷிப்ட்டில் இருந்தார். கம்ப்யூட்டர் மேல் பூப்போட்ட துணி மூடியிருந்தது. "வேலை செய்யுதாக்கா?" என்று கேட்டேன், தொழில் புத்தி.

"யாரு தொட்றாங்க அத." காபி டம்ளரை என் கையில் வைத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தார். "வருவாரு, துன்னுவாரு, படுத்துக்குவாரு. கெட்ட மனுசன் இல்ல. பேச்சே வர்ல. அங்க இருந்தப்பதான் எங்கூட பேசிக்கினு இருந்தாரு." சிரித்தார். "மறுபடியும் போய்ட்லாமான்னு கீது."

விளையாட்டாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக வாய்க்கவில்லை. திருப்பதிக் கடையை ஓனர் மூடிவிட்டு மகனோடு அமெரிக்கா போனார். நானும் பெங்களூர் வந்துவிட்டேன். என் கட்டிலுக்கும் ஒரு நாள் கேக் வெட்டினார்கள், வெட்டியது வார்டன். இங்கே எல்லோரும் கடல் தாண்டி இருப்பவர்களோடு எந்த நேரமும் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள், லிஃப்டில்கூட. காத்திருப்பவர்கள் யாருமில்லை. யாருக்காகவும் யாரும் சட்டை மாற்றிக்கொள்வதில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு சித்தூர் போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கல்யாணத்தைவிட அந்தத் தெருவைப் பார்க்கத்தான் போனேன். மாம்பழக்கூழ் கம்பெனி இருந்த இடத்தில் கார் ஷோரூம். பிரௌசிங் சென்டர் இருந்த மாடியில் பல் ஆஸ்பத்திரி. கல்லு வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பியிருந்தார்கள். கீழ்ப் போர்ஷனில் ஒருவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தேசப்பன் என்று ஒருத்தர் இங்கே இருந்தாரே என்றேன்.

"அவரா? வித்துட்டு பலமனேர்ல பொண்ணு வூட்டுக்குப் போய்ட்டாரு. ரொம்ப நாள் ஆச்சிம்மா."

"ரெண்டு பேரும் போனாங்களா?"

அவர் குழாயை மூடிவிட்டு யோசித்தார்.

"அது தெரியலம்மா" என்றார்.